பதினாலில் கைவிடும் சட்டம்

திருவனந்தபுரத்தில் யாருக்காவது பிறந்த தேதியை நிரூபிக்க வேண்டி வந்தால், அலமாரியில் முதலில் தேடுவது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத்தான். பாஸ்போர்ட்டுக்கும் பி.எஸ்.சி. வேலைக்கும் அதைத்தான் கொண்டுபோவார்கள். பத்தாம் வகுப்பு முடித்து, பதினைந்து பதினாறு வயதில் கைக்கு வருவது அது. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கச் சொல்லும் சட்டம் பதினாலு வயதோடு நின்றுவிடுகிறது. இந்த ஊரில் சாலை என்னும் கடைவீதியின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தே வயதானவள் நான். இந்த இடைவெளியில் விழுந்த முகங்கள் பல எனக்கு நினைவிருக்கின்றன.

பள்ளியை விட்டு எப்போது போகலாம் என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிது. உள்ளே விடுவீர்களா என்ற கேள்விதான் நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே இருந்தது. 1817 இல் ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று கட்டளை பிறப்பித்தார். கேரளத்தில் யார் கல்வியைப் பற்றிப் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் தொடங்குவேன். ஆனால் அங்கேயே நிறுத்தினால் பாதிக் கதைதான். அந்தக் கட்டளையின் நிழல், தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட புலையர் குடிசை வாசலை எட்டவில்லை.

எட்ட வைத்தவர் வெங்ஙானூர் அய்யன்காளி. பள்ளிப் பக்கமே போகாத அவர் 1907 இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் கோரிக்கைகளில் ஒன்று பள்ளிக்கூடம். எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உழைக்கும் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்தச் சொல்லி நடந்த போராட்டங்கள் உலகத்தில் ஏராளம். பிள்ளையின் படிப்புக்காக, ஒருநாள் கூலி இல்லாவிட்டால் அன்று அடுப்பெரியாத மக்கள் நாற்றங்காலைத் தரிசாகப் போட்டது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. விழிஞ்ஞத்து மீனவர்கள் தங்கள் படகுகளில் அவர்களுக்கு வேலை கொடுத்துப் பசியாற்றினார்கள் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

திவான் ராஜகோபாலாச்சாரி காலத்தில், 1910 இல், புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று உத்தரவு வந்தது. உத்தரவு வந்ததால் கதவு திறந்துவிடவில்லை. பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி நெய்யாற்றின்கரைக்கு அருகே ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மேல்சாதிக்காரர்கள் பள்ளியையே கொளுத்தினார்கள். தீட்டுப்பட்ட பள்ளி இருப்பதைவிட எரிவது மேல் என்று நினைத்தவர்கள் அவர்கள். மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு 1090 ஐ ஒட்டி நடந்ததால் அதைத் தொண்ணூறாம் ஆண்டுக் கலகம் என்பார்கள். அந்தப் பள்ளியில் ஒரு பெஞ்சை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நாமெல்லாம் உட்கார்ந்து படித்த மாதிரியான சாதாரண மரப்பலகைதான், பாதி கரிந்து கிடக்கிறது. 2022 இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள். இந்த ஊர்க் குழந்தைகள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டாயம் என்ற சொல் இங்கே இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. பரோடா சமஸ்தானம் 1906 இலேயே கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்காக கோகலே 1911 இல் கொண்டுவந்த மசோதாவைத் தோற்கடித்தார்கள். திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. காலத்தில், கொல்லம் ஆண்டு 1121 இல்தான் ஆரம்பக் கல்விச் சட்டம் பிறந்தது.

அப்படியானால் பதினாலு எங்கிருந்து வந்தது? 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஓர் உறுப்பினர், இலவசக் கல்வி ஆரம்பக் கல்வியோடு நின்றால் போதும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவில் எழுதியிருக்கிறோம். வேலைக்குப் போகாத பிள்ளை பள்ளியில்தானே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆக, அந்த வயதை அளந்தது ஆலையின் வாசலை வைத்து. பரீட்சையோ சான்றிதழோ அந்தக் கணக்கில் இல்லை. அன்றைக்கு அது பெரிய பாய்ச்சல். குறை நம்முடையது: அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

கேரளமும் அதே எண்ணைத்தான் எடுத்துக்கொண்டது. கல்வி அமைச்சர் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா உச்ச நீதிமன்றம் வரை போய், 1959 இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் கல்வி முடியும் வரை, அல்லது பதினாலு வயது வரை பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்று அதிலும் உண்டு. தனியார் பள்ளி ஆசிரியர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்காகத் தெருவெல்லாம் போராட்டம் மூண்டது. அதே ஆண்டு ஜூலை 31 இல் கேரள ஆட்சியே கலைக்கப்பட்டது. அந்த இரைச்சலில் வயதைப் பற்றி யார் பேசுவார்கள்? 2010 ஏப்ரல் 1 இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினாலு என்றே சொல்கிறது. எட்டாம் வகுப்போடு அதன் பொறுப்பு தீர்ந்தது. கேரளத்திலோ எட்டாம் வகுப்பு என்பது உயர்நிலைப் பள்ளியின் முதல் படி.

ஒரு ஜூன் மாதம், பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் வந்தார்.

"டீச்சர், பையனுக்கு பதினாலு கழிஞ்சாச்சுல்லா. டி.சி. தந்திருங்க, கடையில நிக்கட்டும்."

"பத்தாங்கிளாஸ் எழுதட்டும் அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நாள்தானே."

"சட்டத்துல அவ்வளவுதான டீச்சர்?"

அவர் கெட்டவர் அல்ல. வாடகை வீடு, கீழே இரண்டு பெண் பிள்ளைகள். எதிர்த்துக் காட்ட என்னிடம் சட்டம் இல்லை. இன்றும் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகும் பதினாலு முடிந்த பிள்ளையை ஆபத்தான தொழிலில்தான் வைக்கக் கூடாது. பாத்திரக் கடைக்குத் தடையில்லை. அந்தப் பையன் போனான். பல வருஷம் கழித்து, வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்க வயதுச் சான்று வேண்டுமென்று வந்து நின்றான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இல்லாததால், பள்ளியின் அட்மிஷன் ரெஜிஸ்டரைப் புரட்டி நகல் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

2024 இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களில் 99.69 சதவீதம் பேர் தேறினார்கள். நல்ல செய்திதான். எழுதாமலே போனவன் அந்த சதவீதத்தில் வரமாட்டான். மீனவர் குப்பங்களிலும், மலையோர ஆதிவாசிக் குடியிருப்புகளிலும், எங்கள் சாலைத் தெருக்களிலும் அவனைத் தேட வேண்டும்.

இங்கிலாந்து 1972 இல் பள்ளியை விடும் வயதைப் பதினாறாக்கியது. பக்கத்தில் இலங்கை 2016 இல் பதினாறாக்கியது. நம் 2020 தேசியக் கல்விக் கொள்கை பதினெட்டு வரை என்று பேசுகிறது. கொள்கையைக் காட்டி நான் எந்தத் தகப்பனாரையும் நிறுத்த முடியாது. கல்வி 1976 இலிருந்து பொதுப்பட்டியலில் இருக்கிறது. டெல்லிக்காகக் காத்திராமல் கேரள சட்டசபையே தன் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது பத்தாம் வகுப்பு முடியும் வரையாவது கட்டாயமாக்கலாம். அந்த இரண்டு வருஷத்துக்கு வீட்டில் குறையும் கூலியை உதவித்தொகையாகவும் கொடுக்க வேண்டும். அது இல்லாத கட்டாயம் ஏழை வீட்டின் மேல் சுமத்தும் தண்டனை.

சட்டம் வரும்போது வரட்டும். சாலையில் கடை வைத்திருப்பவர்களிடம் இன்றைக்கே கேட்கிறேன்: வேலை கேட்டு ஒரு பையன் வந்தால், எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டாயா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பரீட்சை முடித்துவிட்டு வா, உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்புங்கள்.