உடல் ஒன்று, உறுப்புப் பல: தமிழ்க் கிறிஸ்தவர் வரலாறு தரும் ஒரு பாடம்

ஒற்றுமை என்னும் சொல்லைப் புகழாத சமயத்தார் உலகில் இலர். ஆனால் அதனை வாயாற் புகழ்வோருட் பலர், பிறரெல்லாம் தம்மைப் போல் ஆகிவிடுவதே ஒற்றுமை என்று எண்ணுகின்றனர். வேறு சிலரோ, தம் தனித்தன்மை கெட்டுவிடுமே என்றஞ்சி, அண்டையாரோடு கலவாது நிற்பதையே மானம் என்று கருதுகின்றனர். இவ்விரு சாராரும் எவ்விடத்துத் தவறுகின்றனர் என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாறு நன்கு விளக்குகின்றது. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். பிற சமயத்து நேயர்களும் இதனை அயலார் செய்தி என்று ஒதுக்காதிருப்பாராக.

கிறிஸ்து சமயம் தோன்றிய முதல் நூற்றாண்டிலேயே இப்பிணக்கும் தோன்றிவிட்டது. கொரிந்து நகரத்துச் சபையார் இன்னின்ன போதகரைச் சேர்ந்தோம் என்று கட்சி பிரிந்து நின்றனர். பொது விருந்துக்குக் கூடியபொழுது செல்வர் முந்தியுண்டு களித்தனர், எளியோர் பசித்திருந்தனர். இதனைக் கேள்வியுற்ற பவுல் அடிகள், சபையை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு அவர்கட்கு நிருபம் எழுதினார். கண் செய்யும் தொழிலைக் கை செய்யாது. எனினும் கை வேண்டாவென்று கண் கூறுதலும் இயலாது. மெலிந்த உறுப்புக்கே மிகுந்த பேணுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. உறுப்புக்கள் வேறுபடுவதை அவர் குறையாகக் கொள்ளவில்லை. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைப் பந்தியினின்று விலக்குவதையே குறையாகக் கண்டார்.

நிற்க. 1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு, புளூட்சோ என்னும் செர்மானியப் போதகர் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழைக் கற்றனர். அவர்தம் மிஷனார் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டனர், 1718-இல் புதிய எருசலேம் என்னும் ஆலயத்தையும் கட்டி முடித்தனர். ஆனால் அந்த மிஷனின் சபைகள் சாதிக் கட்டை உடைக்கவில்லை. ஒரே ஆலயத்தில் வேளாளர் ஒருபுறமும், தீண்டாதார் எனப்பட்டோர் மறுபுறமுமாக அமர்ந்தே வழிபட்டு வந்தனர்.

அம்மரபில் வந்த பெரும்புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியிற் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பெற்றவர். குறவஞ்சி என்னும் தமிழ்ச் சிற்றிலக்கிய வகையை எடுத்துக் கிறிஸ்து சமயப் பொருளை அதிற் பெய்து, பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். ஐரோப்பியர் தந்த சமயத்தைத் தமிழிசையிற் பாடுவதற்கு வழிகாட்டியவர் அவர். கிறிஸ்தவர் கூட்டத்தில் தமிழரின் தனித்தன்மை யாது என்று வினவுவோர்க்கு அவர் நூல்களே விடை.

1820-களில் புதிய மிஷனரிமார் சிலர் தஞ்சைச் சபையைத் திருத்த முற்பட்டனர். பழகிய வேத மொழிபெயர்ப்புக்கு மாறாகப் புதியதொன்றைப் புகுத்தினர். விழாக்களிலும் மணவினைகளிலும் மலர் கூடாதென்றனர். தமிழிசைப் பாடல்களை ஆலயத்தினின்று விலக்கினர். சாதி வேற்றுமையின்றி எல்லோரும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்றும் கட்டளையிட்டனர். சாஸ்திரியார் இவை அனைத்தையும் ஒருசேர எதிர்த்து எழுதினார்.

இவ்விடத்தில் நாம் நின்று நிதானித்தல் வேண்டும். மலர், இசை, பழகிய மொழி ஆகியவற்றைப் பறித்தது மிஷனரிமாரின் பிழை. தம்மைப் போல் ஆவதே தூய்மை என்று அவர்கள் மயங்கினர். அதனை எதிர்த்த அளவில் சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் அவர் அம்மூன்றனோடு சாதியையும் சேர்த்து, நான்கையும் ஒரே உரிமையாக எண்ணி வாதாடினார். பாடலும் சாதியும் ஒரே இனத்தனவோ? பாடல் அனைவரும் கேட்டு மகிழத் தரப்படுவது. சாதி அயலான் அணுகாதிருக்க எழுப்பப்படுவது. அத்துணைப் பெரும்புலவரும் இவ்வேறுபாட்டைக் காணாது போயினாரே என்பதுதான் நம் வருத்தம்.

1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என்று நிருபம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். இறைவன் திருவிருந்தைத் துறந்தாலும் துறப்போம், சாதியைத் துறவோம் என்பதே அவர்தம் செயலின் பொருள். பின்னர் அவர்களுட் பலர், சாதி வழக்கைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லூத்தரன் மிஷனைச் சார்ந்தனர். கொள்கையால் சபை பிரிவதை உலகம் அறியும். சாதியால் சபை மாறியதை இங்கே காண்கிறோம்.

கத்தோலிக்கரிடையும் இந்நோய் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 1872-இல் எழுந்த ஆலயம், பீடத்தின்பால் வந்து கூடும் இரு நீண்ட கூடங்களாக அமைந்தது. வேளாளர்க்கு ஒன்று, நாடார் முதலியோர்க்கு மற்றொன்று. ஊரார் அதனைக் கால்சட்டைக் கோவில் என்று அழைத்தனர். 1910-இல் குருமார் அத்தடுப்பை நீக்கினர். உயர்சாதியார் நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றனர்.

இனி ஒன்றுகூடிய கதைக்கு வருவோம். ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், பிரஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலார் என்னும் பிரிவுகள் ஐரோப்பியச் சண்டைகளிற் பிறந்தவை. அச்சண்டைகளின் காரணமே அறியாத நம் நாட்டார், எந்த மிஷன் முதலில் தம் ஊருக்கு வந்ததோ அதன் பெயரைத் தாங்கி நின்றனர். 1919-ஆம் ஆண்டு மே மாதம் அதே தரங்கம்பாடியில் 33 போதகர் கூடினர். இருவர் ஒழிய ஏனையோர் இந்தியர். இப்பிரிவுகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, எங்கள்மேற் சுமத்தப்பட்டவை என்னும் கருத்தை வெளியிட்டு, ஒரே சபையாக வேண்டும் என அழைத்தனர். அவர்கட்குத் தலைமை தாங்கியவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்த வே. ச. அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராகித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பணியாற்றியவர் அவர். அங்கு அவர் எழுப்பிய பேராலயம் இந்தியச் சிற்ப முறைகளைத் தழுவியே அமைந்தது. ஒற்றுமைக்கு உழைத்தவரே தனித்தன்மையையும் பேணினார் என்பதை நேயர்கள் கருதுக.

பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. அத்தியட்சர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகரை ஏற்பதா என்பதே பெருஞ்சிக்கல். ஆங்கிலப் புலவர் டி. எஸ். எலியட்டும் 1943-இல் இவ்விணைப்பை எதிர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். முடிவில் கண்ட வழி இது: முன்னைய போதகர் அனைவரும் மறு அபிஷேகமின்றி ஏற்கப்படுவர், இனி வருவோர்க்கு அத்தியட்சரே அபிஷேகம் செய்வர், மனச்சாட்சிக்கு மாறான வழிபாட்டு முறையோ போதகரோ எச்சபைமீதும் திணிக்கப்படமாட்டார். 1947 செப்டம்பர் 27-இல், இந்தியா விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், சென்னை அர்ச். ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள், 14 அத்தியட்சாதீனங்கள். யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. அதன் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன். அசரியா இதனைக் காணவில்லை; 1945 சனவரி முதல் நாளன்றே காலமானார். லூத்தரன் சபையார் இதிற் சேரவில்லை; அவர்களை எவரும் வற்புறுத்தவும் இல்லை.

ஆங்கிலத்தில் எழுதிய சட்டத்தால் ஐரோப்பியப் பிரிவுகள் ஒழிந்தன. நாமே வளர்த்த பிரிவு அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. 2008-ஆம் ஆண்டில் அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கத்தோலிக்கருள்ளேயே வன்னியர்க்கும் தலித் மக்கட்கும் மூண்ட பூசலில் காவலரின் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். இருசாராரும் தொழுதது ஒரே ஆண்டவரைத்தான்.

கடல் கடந்து மலேயா வந்த நம்மவர்க்கும் இதில் ஒரு வினா உண்டு. 1888-இல் சிங்கையில் எழுந்த லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென அமைந்தது. மொழிக்கென ஆலயம் வகுத்தல் பிரிவினை அன்றோ என்பர் சிலர். அன்று என்போம். தாய்மொழியில் தொழவேண்டி ஒரு வீடு கட்டுதல் வேறு. வந்தவனின் குலம் கேட்டு வாயிலை அடைத்தல் வேறு.

எனவே, ஒரு வழக்கம் தனித்தன்மையா, பிரிவினையா என்று ஐயுறும்போது ஒன்றே கேட்க வேண்டும்: இதனை நாம் பொதுப் பந்திக்குப் படைக்கின்றோமா, அன்றி இதனைக் காட்டிப் பந்தியிலிருந்து ஒருவனை எழுப்புகின்றோமா? படைப்பதாயின் அதனை உயிரினும் ஓம்புவோம். எழுப்புவதாயின், அது எத்துணைப் பழமையுடையதாயினும், எத்துணைப் பெரியோர் போற்றியதாயினும், இன்றே களைவோம். கிறிஸ்தவர்க்கு மட்டுமன்று, தோட்டத்திலும் பட்டினத்திலும் வாழும் தமிழர் அனைவர்க்கும் இவ்வுரைகல் ஒன்றே.