ஒரு போஸ்ட்மாஸ்டரும் ஒரு மலையும்

1

விஞ்ஞானத்தின் சரித்திரம் பெரும்பாலும் கொள்கைகளின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த விதியை யார் முதலில் சொன்னார், பிறகு யார் அதை மறுத்தார் என்ற வரிசை அது. அந்த விதிக்கு வேண்டிய தகவல்களை உட்கார்ந்து எண்ணிக் குறித்தவர்களுக்கு அடிக்குறிப்பில் இடம் கிடைத்தால் அதிகம். பூகம்ப இயலில் இந்த ஓரவஞ்சனை சற்று வெளிப்படையாகவே தெரிகிறது. பூகம்பம் ஆய்வுக்கூடத்துக்கு வருவதில்லை. அது வருகிற இடத்தில் யார் இருக்கிறாரோ அவர்தான் சாட்சி.

எரிமலைப் பிரதேசங்களில் இது இன்னும் கூர்மையான பிரச்னை. சாதாரணமாக ஒரு பெரிய பூகம்பம் வந்தால் அதைத் தொடர்ந்து சிறிய அதிர்வுகள் வரும். நாளாக ஆக அவை குறையும். இந்தக் குறைவுக்கு ஓர் ஒழுங்கு இருப்பதை ஜப்பானியரான ஒமோரி ஃபுஸாகிச்சி 1894இல் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். எரிமலையின் அடியில் நடப்பது வேறு. பாறைக் குழம்பு மேலே வர வழி தேடும்போது சுற்றியுள்ள பாறையைச் சிறிது சிறிதாக உடைக்கிறது. ஒவ்வொரு உடைப்பும் ஓர் அதிர்வு. அவற்றில் தலைமை அதிர்வு என்று ஒன்று இருப்பதில்லை. ஏறக்குறைய ஒரே பருமனில் நூற்றுக்கணக்கில், நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வந்துகொண்டிருக்கும். முடிவில் மலை வெடிக்கலாம். ஒன்றுமே நடக்காமலும் போகலாம். இந்த அதிர்வுத் திரளில் தனி அதிர்வு எதற்கும் அர்த்தம் கிடையாது. வரிசைக்கு மட்டுமே அர்த்தம் உண்டு. வரிசை வேண்டுமென்றால் ஒருவர் அங்கேயே இருந்தாக வேண்டும்.

ஸ்தாபனம் என்பது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. நம் விஷயம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

2

எரிமலையே இல்லாத ஓர் ஊரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்காட்லாந்தில் காம்ரி என்ற சிற்றூரில் 1839இல் அதிர்வுகள் திரளாக வரத் தொடங்கின. அவற்றைத் தேதியும் நேரமும் போட்டுக் குறித்து வைத்தவர்கள் இருவர்: ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் பீட்டர் மெக்ஃபார்லேன், செருப்புத் தைக்கும் ஜேம்ஸ் ட்ரம்மண்ட். மெக்ஃபார்லேன் ஒவ்வொரு அதிர்வின் வலிமைக்கும் பத்துக்கு இத்தனை என்று எண் கொடுத்தார். கருவி எதுவும் அவரிடம் இல்லை. தன் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கம் ஒரு குழுவை நியமித்துக் கருவிகளை அந்த ஊருக்கு அனுப்பியது இதற்குப் பிறகுதான். ஆள் முதலில், கருவி பின்னால் என்ற இந்த வரிசை கவனிக்கத் தக்கது.

அடுத்தவர் ஃப்ராங்க் பெரெட். அமெரிக்கர், மின்சாரப் பொறியாளர், எடிசனிடம் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு இத்தாலிக்குப் போனவர் வெஸூவியஸின் வசப்பட்டுவிட்டார். 1906 வெடிப்புக்கு முன்னால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பல்லை வைத்துத் தரையின் ரீங்காரத்தைக் கேட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வேடிக்கையாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் ஒரு தீவிரமான விஷயம் இருக்கிறது. கருவி கிடைக்காதபோது உணர்வையே கருவியாக்குவது என்றால், உணர்வை முதலில் மட்டுப்படுத்தியாக வேண்டும். பயந்தவனால் அதிர்வை எண்ண முடியாது.

1930களில் கரீபியக் கடலின் மான்ட்செராட் தீவில் பூமி வருஷக்கணக்கில் நடுங்கியது. பெரெட் அங்கே போய் உட்கார்ந்தார். ராயல் சொஸைட்டியின் குழு வந்து சேர்ந்தது 1936இல். அந்த முறை மலை வெடிக்கவில்லை. வெடிக்காத ஒரு நெருக்கடியைப் பற்றி பெரெட் எழுதிய புத்தகம் 1939இல் வெளிவந்தது. ஒன்றும் நடக்காததைப் பற்றி ஒரு முழுப் புத்தகம். அறுபது வருஷம் கழித்து 1995இல் அதே மலை வெடித்தது. 1997 ஜூன் 25 அன்று பத்தொன்பது பேர் இறந்தார்கள். தலைநகர் பிளிமத் கைவிடப்பட்டு, சாம்பலுக்கும் சேற்றுக்கும் அடியில் போயிற்று. 1930களின் அதிர்வுகளுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியை அன்று கேட்டவர்களுக்குப் பதில் தங்கள் ஆயுளில் கிடைக்கவில்லை. எண்ணுவதன் பலன் எண்ணுகிறவனுக்குக் கிடைத்தே தீரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

3

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், தோயா ஏரியின் தென்கரையில் இருக்கிறது ஊஸு எரிமலை. அதன் குழம்பு கெட்டியானது. சுலபத்தில் வழிந்து ஓடாது. முண்டி முண்டி நிலத்தையே தூக்கும். ஆகவே வெடிப்புக்கு முன்னால் ஊரார் காலடியில் உணரக்கூடிய அதிர்வுகள் திரளாக வருவது அந்த மலையின் சுபாவம்.

1910 ஜூலையில் அப்படித்தான் நடந்தது. முரோரான் நகரத்தின் போலீஸ் தலைவர், அதிர்வுகள் பெருகியதைப் பார்த்து, மலை வெடிக்குமுன்பே சுமார் 15,000 பேரை வெளியேற்றினார். பிறகு ஒமோரி கருவியோடு வந்து சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியாக, உதவியாளாக மலையைச் சுற்றி வந்த உள்ளூர் இளைஞர் மிமாட்ஸு மஸாவோ. வயது 22. தபால் ஆபீஸ் ஊழியர். ஓவியத்தில் நாட்டமுள்ளவர். சாதாரணமாக இப்படிப்பட்ட தொடர்பு விஞ்ஞானி ரயில் ஏறியதும் முடிந்துவிடும். மிமாட்ஸு விஷயத்தில் முடியவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் குறிக்க வேண்டும் என்று அன்று கற்றதை அவர் முப்பத்துமூன்று வருஷம் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. காத்திருப்பதாக அவருக்கே தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

1943 டிசம்பர் 28 அன்று அதிர்வுகள் மறுபடி ஆரம்பித்தன. மிமாட்ஸு அப்போது ஸொபெட்ஸு கிராமத்தின் போஸ்ட்மாஸ்டர், வயது 55. சில வாரங்களில் ஊஸுவின் கிழக்கடிவாரத்தில், ஃபுகாபா என்ற குடியிருப்பைச் சுற்றிக் கோதுமை வயல்கள் மேலெழும்பத் தொடங்கின. வீடுகள் சாய்ந்தன. இரும்புத் தாதை முரோரான் எஃகு ஆலைக்கு ஏற்றிச்செல்லும் ரயில் பாதை வயலோடு சேர்ந்து உயர்ந்தது. ஆட்களை வைத்துத் திரும்பத் திரும்பப் பாதையைச் சரிசெய்தார்கள். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும். மலை வளர்கிறது என்பதற்காக ரயிலை நிறுத்த முடியாது.

யுத்தம்தான் இந்தக் கதையின் இன்னொரு கதாபாத்திரம். 1941 டிசம்பரிலிருந்து ஜப்பானில் வானிலை அறிக்கைகூட ராணுவ ரகசியம். 1944 டிசம்பர் 7 அன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற டோனன்காய் பூகம்பமே பத்திரிகைகளில் ஒரு சின்னச் செய்திக்கு மேல் இடம் பெறவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், வயலுக்கு நடுவே புதிதாக ஒரு எரிமலை முளைக்கிறது என்ற செய்தி ஜனங்களின் மனத்தைக் கலைக்கும் என்று அதிகாரிகள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. சர்க்காரின் கணக்கில் அந்த மலை இல்லை. விஞ்ஞானிகள் சிலர் அவ்வப்போது வந்து போனார்கள். அவர்களுடைய வேலையும் மதிப்புள்ளதுதான். ஆனால் தினமும் அங்கே இருக்க அவர்களால் இயலவில்லை. ஃபிலிம் கிடைக்கவில்லை. காகிதத்துக்கும் பஞ்சம்.

மிமாட்ஸு செய்தது மிக எளிமையானது. தபால் ஆபீஸின் பின்புறம் கம்பங்களை நட்டார். அவற்றுக்கிடையே கிடைமட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக நூல்களைக் கட்டினார். முகவாயைத் தாங்க ஒரு பலகையை நிலையாகப் பொருத்தினார். தினமும் கண் அதே இடத்தில் இருக்க வேண்டும்; அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்து, நூல்களோடு ஒப்பிட்டு, மலையின் விளிம்பைத் தாளில் கோடாக இழுத்தார். அதிர்வுகளின் எண்ணிக்கையைத் தேதிவாரியாகக் குறித்தார். 1944 ஜூன் 23 அன்று வெடிப்பு தொடங்கியது. அக்டோபர் வரை வெடித்தது. பிறகு, தூக்கிய நிலத்தின் நடுவே பாறைக் குழம்பின் கெட்டியான கூம்பு வெளியே வந்து உயர்ந்துகொண்டே போயிற்று. 1945 செப்டம்பரில் நின்றது. யுத்தம் ஒரு மாதம் முன்னதாகவே முடிந்திருந்தது. வயல் இருந்த இடத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் உயர மலை நின்றது. ஷோவா ஷின்ஸான், ‘ஷோவா ஆண்டுகளின் புதுமலை’ என்று அதற்குப் பெயர்.

4

இந்தக் கோடுகள் எல்லாம் பின்னால் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்டன. 1948இல் ஆஸ்லோவில் நடந்த சர்வதேச எரிமலையியல் மாநாட்டில் அந்தப் படம் வைக்கப்பட்டது. நிபுணர்கள் அதற்கு ‘மிமாட்ஸு வரைபடம்’ என்று பெயரிட்டார்கள். ஓர் எரிமலை பிறந்து வளர்ந்து நின்றதை முதலிலிருந்து கடைசிவரை அவ்வளவு தொடர்ச்சியாகக் காட்டும் பதிவு அதற்கு முன் அவர்கள் கையில் இல்லை.

அந்தப் படத்தைப் பார்க்கும் ஒருவனுக்கு முதலில் படுவது அதன் சிக்கனம். நிழல் இல்லை, புகை இல்லை, தீ இல்லை. தேதியிட்ட விளிம்புக் கோடுகள் மட்டும். மிமாட்ஸு வேறு சமயங்களில் புகையும் தீயுமான வண்ணப் படங்களையும் வரைந்தவர். அதற்கான கை அவருக்கு இருந்தது. இந்தத் தாளில் மட்டும் அந்தக் கையைக் கட்டிப்போட்டுவிட்டார். தன் வியப்பு இந்தப் பதிவுக்கு உதவாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கோடும் தனியே சொல்வது மிகக் குறைவு. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் பேசுகிறது. அந்த வெற்றிடம்தான் வளர்ச்சி. உருவம் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதிவரும் நம் விமர்சகர்கள், உருவம் என்பது அலங்காரமல்ல என்பதற்கு இலக்கியத்துக்கு வெளியே ஓர் உதாரணம் வேண்டுமென்றால் இதைப் பார்க்கலாம்.

பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குப் படும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தபால் ஆபீஸ் உத்தியோகமும் இந்தப் பதிவும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. தேதி முத்திரை, பதிவுப் புத்தகம், அன்றன்றைக்குக் கணக்கை முடிப்பது என்று சலிப்பூட்டும் பழக்கங்களையே அவர் மலையின் பக்கம் திருப்பினார். குமாஸ்தா வேலை மனிதனின் உணர்வை மழுங்கடிக்கிறது என்பது நம் சிறுகதைகளில் தேய்ந்துபோன விஷயம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் அதே பழக்கம் ஒரு தகுந்த பொருளைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்பதை நம் கதைகள் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை வைத்து அமெச்சூர் புராணம் பாடிவிடலாகாது. அமெச்சூர் என்றால் படிக்காதவர் என்று நம்மிடையே ஒரு அர்த்தம் இருக்கிறது. அதிலிருந்து, படிக்காததே ஒரு தகுதி என்ற அபத்தத்துக்கு வந்து சேர்கிறோம். மிமாட்ஸு படித்தவர், ஒமோரியிடம் நேரடியாகக் கற்றவர். சம்பளமும் நாற்காலியும் இல்லை என்பதுதான் அவருக்கும் நிபுணருக்கும் இருந்த வித்தியாசம். இன்னொன்று: அவருடைய வரைபடம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊஸு ஒரே கால அட்டவணையைப் பின்பற்றுகிற மலையும் அல்ல. 1943இல் அதிர்வு தொடங்கியபின் வெடிக்க ஆறு மாதம் ஆயிற்று. 1977 ஆகஸ்டில் ஒன்றரை நாளுக்குள் வெடித்தது. 2000இல் மார்ச் 27 வாக்கில் தொடங்கி 31ஆம் தேதி வெடித்தது. அந்த முறை பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை முன்னதாகவே வெளியேற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதைச் செய்தவர்கள் தொழில்முறை விஞ்ஞானிகளும் ஊராட்சிகளும். பூகம்பமானிகள் வலையாகப் பரவியிருக்கும் இன்று கம்பமும் நூலும் தேவைப்படாது.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? 2000இல் விஞ்ஞானிகள் சொன்னதும் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள் என்பதை யோசிக்க வேண்டும். ‘இந்த மலை அதிர்ந்தால் வெடிக்கும்’ என்பது அவர்களுக்கு வெளியூர் நிபுணரின் வாக்கு மட்டுமாக இருக்கவில்லை. ஊரில் ஒருவர் குறித்துவைத்த விஷயமாகவும் இருந்தது. தகவல் கருவியிலிருந்து வரலாம். தகவலை நம்பும் பழக்கம் ஊரிலிருந்துதான் வர முடியும். மான்ட்செராட்டில் 1997இல் இறந்தவர்களில் பலர், விலக்கப்பட்ட பகுதி என்று தெரிந்தும் தங்கள் பயிரையும் வீட்டையும் பார்க்கப் போனவர்கள். அங்கேயும் கருவிகள் இருந்தன.

5

புதுமலையின் கந்தகத்தைத் தோண்டி எடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 1946இல் மிமாட்ஸு அந்த நிலத்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார். வயலை இழந்து நின்ற விவசாயிகளுக்கு அது கையில் கொஞ்சம் பணமாயிற்று. பயிரிட முடியாத, சூடு தணியாத ஒரு பாறையை அவர் வாங்கியதை ஊரார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 1951இல் சர்க்கார் அதை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. ஒரு காலத்தில் தன் கணக்கிலேயே சேர்க்காத மலையை அப்போதுதான் அது ஏற்றுக்கொண்டது.

1977 ஆகஸ்டில் ஊஸு மீண்டும் வெடித்தபோது மிமாட்ஸுவுக்கு 89 வயது. அந்த டிசம்பரில் இறந்தார். மலை இன்னும் அவர் குடும்பத்தின் சொத்தாகவே இருக்கிறது. இப்போது அதன் உயரம் 398 மீட்டர். பாறை ஆற ஆறச் சுருங்கியும் தேய்ந்தும், அவர் கடைசியாக இழுத்த கோட்டைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது.