ராக்கம்மாவுக்கு ஓட்டுப் போட்டது யாரு?

"உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்களில் நம்ம ராக்கம்மா நாலாவது இடம், பிபிசியே சொல்லிடுச்சு!" இந்த ஃபார்வர்டு கிடைக்காத தமிழன் யாராவது இருக்கீங்களா? எங்க கள்ளக்குறிச்சி பசங்க குரூப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துடும். போன வாரம் அந்தப் பட்டியலை முழுசா எடுத்துப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பாட்டுக்கு நிகரா பட்டியலும் சுவாரசியமா இருக்கு.

2002-ல பிபிசி உலக சேவைக்கு 70 வயசு. அதைக் கொண்டாட, உலகத்துலேயே உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு நேயர்கள்கிட்ட கேட்டாங்க. 150-க்கும் மேற்பட்ட நாடுகள்ல இருந்து ஓட்டு. டிசம்பர்ல முடிவு வந்துச்சு.

முதலிடம், 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. அயர்லாந்து மறுபடி தனி நாடாகணும்னு 1840-கள்ல தாமஸ் டேவிஸ் எழுதினது, வுல்ஃப் டோன்ஸ் குழு பாடினது. பிரிட்டிஷ்காரன் ரேடியோவோட பிறந்தநாள் விழாவுல, பிரிட்டனை எதிர்த்த பாட்டுக்கு முதல் பரிசு! ரெண்டாவது வந்தே மாதரம், மூணாவது தில் தில் பாகிஸ்தான் (இங்கேயும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்கிறாங்க). நாலு நம்ம தளபதி (1991) ராக்கம்மா. நேபாளிப் பாட்டு ஒண்ணு ஏழாவது, ரஹ்மானோட சைய்ய சைய்யா ஒன்பதாவது. குவீன் குழுவோட பொஹீமியன் ராப்சடி பத்தாவது இடத்துல ஒட்டிக்கிட்டிருக்கு.

அயர்லாந்துப் பாட்டு ஜெயிச்சதுக்குப் பின்னாடி இருந்தது ஒரு மின்னஞ்சல் பிரச்சாரம். அப்போ ஃபேஸ்புக்கும் கிடையாது, ட்விட்டரும் கிடையாது. "இந்தப் பக்கத்துக்குப் போ, இந்தப் பாட்டுக்குப் போடு, பத்துப் பேருக்கு அனுப்பு" அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு யோசிச்சா சிம்பிள். ஆயிரக்கணக்கான வெவ்வேறு பாட்டுக்கு ஓட்டு சிதறுது. இருபது பேர் நிக்கிற வார்டு தேர்தல்ல ஒரே தெரு மொத்தமா ஒருத்தருக்குக் குத்தினா அவர் ஜெயிச்சிடுவார்ல, அதே கணக்கு. இங்கிலீஷ் பாட்டு ரசிகர்களுக்கு ஆயிரம் சாய்ஸ், ஓட்டு பிரிஞ்சு போச்சு. நாட்டுக்கு ஒரு பாட்டுன்னு சேர்ந்தவங்க மேல வந்துட்டாங்க. ராஜா பாட்டு மேல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. எஸ்.பி.பி., ஸ்வர்ணலதா, நடுவுல அப்பர் தேவாரம்னு அது வேற லெவல். ஆனா அந்த 'நாலு' அளந்தது இசையை இல்ல, யார் ஒண்ணு சேர்ந்தாங்கங்கிறதை.

சரி, அஞ்சாவது எது? அதைத்தான் நம்ம ஃபார்வர்டு சொல்றதே இல்ல. திருமலை சந்திரன் பாடின 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஈழத்துப் பாட்டு. சினிமா இல்ல, ஸ்டார் இல்ல, பெரிய ஆடியோ கம்பெனி இல்ல. அந்த வருஷம்தான் பிப்ரவரில போர்நிறுத்தம், டிசம்பர்ல ஓஸ்லோவுல பேச்சுவார்த்தை. டொரண்டோ, லண்டன், பாரிஸ்னு சிதறிக் கிடந்தவங்க ராத்திரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து போட்ட ஓட்டாத்தான் இருக்கும்ங்கிறது என் கணிப்பு. 'நாங்க இருக்கோம்'னு சொல்ல அவங்களுக்குக் கிடைச்ச ஒரு பட்டன் அது. அடுத்தடுத்து நிக்கிற ரெண்டு தமிழ்ப் பாட்டுல ஒண்ணை மட்டும் வெட்டி எடுத்து இத்தனை வருஷமா பெருமைப்பட்டுக்கிட்டிருக்கோம். எனக்கு இது உறுத்துது.

ஆள் திரட்டுறது புதுசும் இல்ல. 1952-ல இலங்கை வானொலியில அமீன் சயானி ஆரம்பிச்ச பினாக்கா கீத்மாலாவுக்கு வடநாட்டுல இருந்து மூட்டை மூட்டையா கடிதம் போகும். ஜும்ரி தலையாங்கிற சின்ன ஊர் நேயர் கடிதத்தாலேயே இந்தியா முழுக்கப் பேர் வாங்குச்சு.

2009-ல பிரிட்டன்ல நடந்தது இன்னும் கறாரானது. அங்க கிறிஸ்துமஸ் நம்பர் ஒன் பாட்டுன்னா பெரிய கௌரவம். தொடர்ந்து நாலு வருஷம் எக்ஸ் ஃபேக்டர் டிவி ஷோ ஜெயிச்சவங்களே அதை எடுத்துக்கிட்டிருந்தாங்க. வெறுத்துப்போன ஜான், டிரேசி மோர்ட்டர் தம்பதி ஃபேஸ்புக்ல ஒரு குரூப் ஆரம்பிச்சு, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவோட 1992 பாட்டைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னாங்க. ஒரே வாரத்துல 5 லட்சத்துக்கு மேல வித்து முதலிடம்! காமெடி என்னன்னா, ஜெயிச்ச பாட்டும் தோத்த பாட்டும் சோனி கம்பெனியோடதுதான். கலகம் பண்ணாலும் கல்லா ஒண்ணுதான் :-)

யூடியூப் வந்தப்புறம் ஆளே திரட்ட வேண்டாம்னு ஆச்சு. 2019-ல பாட்ஷாவோட 'பாகல்' ஒரே நாள்ல 7.5 கோடி பார்வைன்னு சொன்னாங்க. விளம்பரமா ஓடவிட்டு வந்த பார்வையும் அதுல சேர்த்தி. அதே செப்டம்பர்ல காசு கொடுத்து வர்ற பார்வை இசைப் பட்டியல் கணக்குல வராதுன்னு யூடியூப் விதியையே மாத்திடுச்சு.

இதுல எந்தக் கணக்குலயும் வராதவங்க எங்க ஊர்ப் பக்கம் நிறைய. கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறினா செல்போன் டவரே இல்லாத கிராமங்கள் வெகுகாலம் இருந்துச்சு. 2002-ல இன்டர்நெட் ஓட்டுன்னா அங்க யார் போட்டிருக்க முடியும்? வெள்ளிமலை போற பஸ்ல டிரைவர் ராக்கம்மா போடுவார், சிக்னல் போனப்புறமும் பாட்டு நிக்காது. அது டிரைவரோட பென்டிரைவ், எந்த சர்வர்லயும் ஏறாது.