பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்த புற்றுநோய்ச் சொற்கள்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், அந்த நோயைப் பற்றிய சொற்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்துதான் வந்து சேர்கின்றன. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, பொன்னேரியில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்கோ ராயப்பேட்டைக்கோ அடையாறுக்கோதான் போகவேண்டும். அங்கே காதில் விழும் பயாப்சி, கிரேடு, ஸ்டேஜ், ரெமிஷன் ஆகியவை ஒரே காலத்தில் ஒரே தேவைக்காகப் பிறந்த சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கேள்விக்கு விடை. கேள்வி இன்னதென்று தெரிந்துவிட்டால் அறிக்கையில் பாதி விளங்கிவிடும்.

பொது மருத்துவமனையை ஒட்டிய பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1960-களில் அந்நிலையம் காஞ்சிபுரம் வட்டாரக் கிராமங்களுக்கே போய் வாய்ப்புற்றையும் கருப்பைவாய்ப் புற்றையும் ஆராய்ந்தது. பழவேற்காடும் அப்போது அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. முதலமைச்சர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுக்கு நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தபோது, இந்த நோயின் பெயர் தமிழ்நாட்டின் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

அடையாறில் 1950-களின் பிற்பகுதியில் கோபால்ட் கருவி வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையை மக்கள் இன்றும் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. கோபால்ட்-60 வெளிவிடும் காமா கதிர்களோ, பிற்காலக் கருவிகள் உண்டாக்கும் எக்ஸ் கதிர்களோ கட்டியின் செல்களைச் சிதைக்கின்றன. வெளியிலிருந்து கதிர் பெற்றவரிடமிருந்து வீட்டாருக்குக் கதிர்வீச்சு பரவாது. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் நோயாளியை ஒதுக்கி வைப்பது பெருங்கொடுமை.

'இது என்ன?' என்ற கேள்விக்கு விடை தருவது பயாப்சி. பிரெஞ்சு மருத்துவர் எர்னஸ்ட் பெனியே 1879-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே வேலை. அதனால்தான் 'சதை டெஸ்ட்' என்ற பேச்சு வழக்கு. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று பலர் அஞ்சித் தள்ளிப்போடுகிறார்கள். முறையாக எடுத்த பயாப்சியால் அப்படி நேர்வது மிக அரிது. தள்ளிப்போட்ட மாதங்களில்தான் நோய் வளர்கிறது. முடிவில் 'பினைன்' என்றிருந்தால் அது புற்றல்லாத கட்டி. 'மாலிக்னன்ட்' என்றால் புற்று. 'கார்சினோமா' என்பது தோல், வாய், குடல் போன்றவற்றின் மேலுறைச் செல்களில் தொடங்கிய புற்று.

அடுத்து வரும் இரண்டு சொற்களைத்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கிரேடு என்பது செல்லின் தோற்றம் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைச் சொல்வது. 1920-ல் அமெரிக்க நோயியலாளர் ஆல்பர்ட் பிராடர்ஸ் உதட்டுப் புற்றுகளை இப்படி நான்கு தரமாகப் பிரித்தார். ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. பிரான்சின் பியர் டெனுவா 1940-களில் வகுக்கத் தொடங்கிய டி.என்.எம். முறைதான் இன்றும் அதற்கு அடிப்படை. வாய்ப்புற்று அறிக்கை ஒன்றில் 'டி2 என்1 எம்0' என்று இருப்பதாகக் கொள்வோம். டி என்பது கட்டியின் அளவும் ஆழமும். என் என்பது நெறிகட்டும் நிணநீர்க் கணுக்கள். இங்கே கழுத்தில் அதே பக்கத்தில் ஒரே கணு, 3 செ.மீ.க்கு மிகாமல். எம்0 என்றால் தொலைவிலுள்ள உறுப்புகளில் நோய் தென்படவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாம் ஸ்டேஜ். மூன்று என்றதும் கதை முடிந்ததென்று வீட்டில் அழுகை எழும். ஆனால் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் இந்த நிலையில் சிகிச்சை தொடங்கப்படுகிறது.

எம்1 என்றால் மெட்டாஸ்டாசிஸ், அதாவது பரவல். மார்பகப் புற்று நுரையீரலுக்குப் போனாலும் அது நுரையீரல் புற்று ஆகிவிடாது. கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்தாலும் கடல் இறால்தான் என்பதைப்போல. மருந்தும் மார்பகப் புற்றுக்கு உரியதே.

சிகிச்சைக்குப் பிந்திய சொற்களில் ரெமிஷன் என்பது நோயின் அறிகுறிகள் குறைந்ததையோ மறைந்ததையோ மட்டும் குறிக்கும்; குணமாகிவிட்டது என்ற உறுதிமொழி அதில் இல்லை. அதனால் கட்டி மறைந்த பிறகும் மறுபரிசோதனைக்குப் போகவேண்டியிருக்கிறது. 'ஐந்தாண்டு' என்பதும் கெடு அல்ல. நோய் கண்டறியப்பட்ட பலரில் எத்தனை பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் அளவு அது. சென்னைக்கான அத்தகைய கணக்குக்கு அடையாறில் 1982 முதல் நடந்துவரும் புற்றுநோய்ப் பதிவேடே ஆதாரம்.

பாலியேட்டிவ் என்ற சொல் இந்தப் பொருளில் 1970-களில் கனடாவில் வேர்பிடித்தது. கைவிட்டுவிட்டார்கள் என்பது அதன் பொருளல்ல. வலி, மூச்சுத்திணறல், வாந்தி இவற்றைத் தணிக்கும் மருத்துவம் அது. மற்ற சிகிச்சைகள் நடக்கும்போதே சேர்த்துத் தரலாம். நோய் முற்றியவர்களுக்கென வடசென்னை மாத்தூரில் ஜீவோதயா இல்லம் 1990-களிலிருந்து இயங்குகிறது. கடும் வலிக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் மருத்துவர் எழுதித் தரும் மார்ஃபின் மாத்திரையையும், அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சாமல் சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவில் சாப்பிடலாம்.