ஊசியிலை மரங்களின் இலைநீரும் பருவ வறட்சியும்

நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று கனமானது. அது நிறையெண் 18 கொண்ட ஐசோடோப்பு, அதாவது ஆக்சிஜன்-18. ஜியோக், ஜான்ஸ்டன் இருவரும் 1929-இல் இதைக் கண்டறிந்தனர். இலைத்துளை வழியே நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறு முந்திக்கொள்கிறது. கனமானது இலையில் தங்கிச் செறிகிறது. கடல்நீர் ஆவியாவதை விளக்கக் கிரெய்க்கும் கார்டனும் 1965-இல் வகுத்த சமன்பாட்டை டாங்மன் குழுவினர் 1974-இல் இலைக்குப் பொருத்தினர். இன்றுவரை எல்லாக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது.

தென்னிந்தியாவின் ஒரே இயல் ஊசியிலை இன மரம் நரம்பாலி (நாஜியா வல்லிச்சியானா). பெயருக்குத்தான் ஊசியிலை இனம். இலை அகன்றது, நடுநரம்பு இல்லாதது, மெல்லிய நரம்புகள் நெடுக இணையாக ஓடுவது. பெரியாறு, அகத்தியமலைப் பசுமைமாறாக் காடுகளில் வளர்கிறது. மலைத்தொடரின் கிழக்குப் புறமான தேவாரம், போடிச் சரிவு தென்மேற்குப் பருவமழையின் மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் கோடை மழை வரும்வரை வறட்சிதான். அச்சரிவுக்கு மேலுள்ள ஏலமலையில் 2024 கோடையில் ஏலச்செடிகள் பெருமளவில் காய்ந்தன. இத்தகைய வறட்சியை இலைநீரில் முதலில் பதிப்பது மண் அன்று, காற்றே. காற்றின் நீராவி வேர்நீருடன் சமநிலையில் இருப்பதாகக் கொண்டால், ஈரப்பதம் 80 விழுக்காடாக உள்ளபோது இலைநீரின் ஆக்சிஜன்-18 செறிவு வேர்நீரைவிட ஆயிரத்துக்கு 7 அளவில் கூடும். 40 விழுக்காடானால் அது 22 வரை ஏறும்.

வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, நீராவிப்போக்கு குறைகிறது, பிறகு செறிவு எப்படிக் கூடும் என்று கேட்கலாம். மேற்சொன்ன சமன்பாட்டின் நிலைத்த நிலை வடிவில் நீராவிப்போக்கின் வேகத்துக்கு இடமே இல்லை. அந்த நிலையை இலை எவ்வளவு விரைவில் எட்டும் என்பதைத்தான் வேகம் தீர்மானிக்கிறது. மேலும், நரம்பிலிருந்து வரும் நீரோட்டம் தளர்ந்தால், ஆவியாகும் பரப்பிலுள்ள செறிந்த நீர் இலையின் உட்புறம் பரவுவது எளிதாகிறது. வேர்நீரே மாறிவிடாதா என்பது அடுத்த கேள்வி. மாறும். மேல்மண் நீர் வெயிலில் ஆவியாகிக் கனக்கிறது. வடகிழக்குப் பருவமழை நீரோ தென்மேற்கு மழைநீரைவிட இலேசானது. ஆனால் வேர் நீரை உறிஞ்சும்போது ஆக்சிஜன் ஐசோடோப்புகளைப் பொதுவாகப் பிரிப்பதில்லை. ஆகவே கிளைத்தண்டின் நீரை அளந்து கழித்தால் மண்ணின் பங்கு விலகிவிடும். மலைமுகட்டு மூடுபனி இன்னொரு சிக்கல்: ஈரப்பதம் நூறை நெருங்கும்போது இலைநீர் காற்றின் ஆவியோடு பரிமாறிக்கொண்டு செறிவை இழக்கும்.

இலைநீரின் சுவடு மரவளையத்திலும் பதிவதால், இந்தியாவில் ரமேஷ், பட்டாச்சார்யா, கோபாலன் மூவரும் 1980-களில் காஷ்மீர் வெள்ளி ஃபிர் மரவளையங்களின் ஐசோடோப்புகளைத் தட்பவெப்பத்தோடு ஒப்பிட்டனர். இன்று இலைநீரை லேசர் கருவிகளாலும் அளக்கிறார்கள். எக்கருவியானாலும், தண்டுநீரும் காற்றின் ஈரப்பதமும் உடன் இல்லாத இலைநீர் அளவீட்டை வறட்சிக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.