கூப்பன் கொடுத்து வாங்கிய கல்யாண உடை!

உங்கள் வீட்டு பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அடித்தட்டில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, நாப்தலின் உருண்டை வாசனையோடு ஒரு பட்டுப்புடவை தூங்கிக்கொண்டிருக்கும். முகூர்த்தப் பட்டு! கல்யாணத்தன்று மூன்று மணி நேரம் உடுத்தியது. அப்புறம் தங்கை கல்யாணத்தில் ஒரு தடவை, பையனின் காதுகுத்தில் ஒரு தடவை... அவ்வளவுதான். வாங்கிய விலையை உடுத்திய மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள், தலை சுற்றும். பி.காம். படித்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும், கண்டுகொள்ளாதீர்கள்!

அரக்கோணத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் வசதியும் உண்டு, தொல்லையும் உண்டு. ஜங்ஷனில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்தால் காஞ்சிபுரம் வெகு பக்கம். அதனாலேயே, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்துப் பேரோட முடிச்சுக்கறோம், ஒரு காட்டன் புடவை போதும்" என்று பெண் சொன்னால் வீட்டில் யாரும் விடுவதில்லை. "காஞ்சிபுரத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பட்டு எடுக்கலைன்னா ஊர் என்ன சொல்லும்?" என்று பெரியம்மா சண்டைக்கு வருவார்.

சின்னக் கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது, எவ்வளவு செலவழிப்பது? அற்பக் கேள்வி மாதிரித் தெரிகிறதா? இதில் இளவரசியே திண்டாடியிருக்கிறார். சிக்கனக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று நம்மூர் ஹைகோர்ட்டே தீர்ப்பு எழுதியிருக்கிறது!

முதலில் சீமைக்குப் போவோம். கல்யாணம் என்றால் தரையைக் கூட்டும் நீளமான வெள்ளை கவுன் என்பது வெள்ளைக்காரர்களின் ஆதிகாலத்து வழக்கம் என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை. சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் இருப்பதிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டுதான் சர்ச்சுக்குப் போனார்கள். நீலமோ பழுப்போ, எந்தக் கலரானால் என்ன? மறுவாரமும் அதையே உடுத்தலாமே!

1840 பிப்ரவரி 10-ம் தேதி விக்டோரியா மகாராணி வெள்ளை சாட்டின் உடையில் கல்யாணம் செய்துகொண்டார். அதன் மேல் ஹானிடன் ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் கைப்பின்னல் லேஸ். இயந்திர லேஸ் வந்து கைத்தொழிலாளர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. மகாராணி கொடுத்த ஆர்டர் அவர்களுக்குச் சோறு போட்டது. நல்ல காரியம்தான். ஆனால், படத்தைப் பார்த்த பணக்காரர்கள் வெள்ளைக்கு மாற, அவர்களைப் பார்த்து நடுத்தரக் குடும்பங்களும் மாற, ஒரே நாள் உடுத்தும் உடை என்ற செலவு உலகம் முழுக்கப் பரவிவிட்டது!

இந்த ஆடம்பரத்தை அடக்கியது யார் தெரியுமா? ஹிட்லர்!

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குத் துணிப் பஞ்சம். 1941 ஜூன் 1-ம் தேதி துணிக்கும் ரேஷன் வந்தது. பெரியவர்களுக்கு முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 கூப்பன் போய்விடும். கையில் காசு இருந்தாலும் கூப்பன் இல்லாவிட்டால் கடையில் துணி கிடையாது. தரை தொடும் கவுனுக்கு எங்கே போவது? முழங்கால் வரை வரும் குட்டை கவுன், இல்லாவிட்டால் கோட்டும் பாவாடையும்... அதோடு கல்யாணம் முடிந்தது. மறுநாள் அதையே போட்டுக்கொண்டு ஆபீஸுக்கும் போகலாம். சிலர் பாராசூட் துணியில் தைத்துக்கொண்டார்கள். காதல் கதைகள் எழுதிய பார்பரா கார்ட்லண்ட், பழைய கல்யாண உடைகளை விலைக்கு வாங்கி, ராணுவத்தில் வேலை பார்த்த பெண்களுக்கு இரவல் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரே உடையில் பல கல்யாணம்!

போர் முடிந்த பிறகும் ரேஷன் முடியவில்லை. 1947 நவம்பர் 20-ம் தேதி இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். அவருக்கும் கூப்பன்தான். அரசாங்கம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. நாடெங்கும் இருந்து பெண்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். பாவம், அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டன. ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்ட விரோதம்!

குட்டை கவுன் பஞ்சத்தில் வந்தது. பிறகு அதுவே ஃபேஷன் ஆனது. 1969 மார்ச் 20-ம் தேதி பீட்டில்ஸ் புகழ் ஜான் லெனனும் யோகோ ஓனோவும் ஜிப்ரால்டரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். யோகோ உடுத்தியது முழங்காலைத் தொடாத வெள்ளை உடை, பெரிய தொப்பி, காலில் டென்னிஸ் ஷூ. எளிமைதான். ஆனால், போனது தனி விமானத்தில்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே பிரச்னை துணியோடு நிற்கவில்லை.

1872-ல் வந்த சிவில் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டுமானால், "நான் இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை..." என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் துணிவார்கள்? 1923-ல் இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். 1954-ல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம்தான் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. 30 நாள் நோட்டீஸ், 3 சாட்சிகள், திருமண அதிகாரி. அவர்கள் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். மற்றபடி எந்த முறையில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

இன்னொரு பக்கம், 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஐயர் இல்லாமல், சடங்கு இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மாலை மாற்றினால் போதும், பந்தலுக்குக் கடன் வேண்டாம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியில் போனார்கள். 1953-ல் விழுந்தது இடி. தெய்வானை ஆச்சி வழக்கில், சாஸ்திரப்படியும் இல்லை, தொன்றுதொட்டு வந்த வழக்கமும் இல்லை, எனவே இத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை ஹைகோர்ட் சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள்... மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. பிள்ளைகளின் சொத்துரிமை அந்தரத்தில்!

அண்ணா முதல்வரானதும் இதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் உறுதிமொழி சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும் என்றது அந்தச் சட்டம். 15 வருடமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

பிறகு 2009-ல் தமிழ்நாட்டில் எல்லா மதத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம் என்று சட்டம் வந்தது.

ஆகவே, பெரியம்மா எவ்வளவு சண்டை போட்டாலும், உடை விஷயத்தில் பர்ஸ் சொல்வதைக் கேளுங்கள். காட்டன் புடவையோ, அக்காவின் பட்டோ, அளவாகத் தைத்த கவுனோ, மறுபடி நாலு தடவை உடுத்துகிற மாதிரி இருந்தால் சரி. உடையை இரவல் வாங்கலாம், தப்பே இல்லை. பதிவுச் சான்றிதழை மட்டும் யாரும் இரவல் தர மாட்டார்கள்!