வன்னிப் பெண்களும் தென்னாசிய உதைபந்தாட்டமும்

2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இந்தத் தீவில் இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. கொழும்பில் தென்னாசிய மகளிர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி 7ஆம் திகதி தொடங்கி 16ஆம் திகதி முடிவுற்றது. அது முடிந்து பத்து நாட்கள் செல்லுமுன், வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஒரு காலத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்களை முட்கம்பிக்குள் அடைத்து வைத்திருந்த முகாம் அது. கடைசியாக வெளியேறிய கேப்பாபிலவு மக்களுக்கோ சொந்த நிலம் இருந்தும் அங்கே செல்ல இயலவில்லை. அந்நிலம் இராணுவத்தின் வசம் இருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அன்று யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. பந்துக்கும் முட்கம்பிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரும் உளர். தொடர்பு உண்டு. ஒரு சமுதாயத்தின் பெண்கள் திறந்த வெளியில் அச்சமின்றி ஓடியாட முடிகிறதா என்பது அச்சமுதாயத்தின் நிலையை அறிவதற்கான அளவுகோல்களுள் ஒன்றாகும்.

பெண்களின் உதைபந்தாட்ட வரலாறே தடைகளின் வரலாறுதான். முதலாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்கள் ஓய்வு வேளையில் பந்தாடத் தொடங்கினர். 1920ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 மக்கள் திரண்டனர். மறு ஆண்டே ஆங்கிலேய உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டது. இவ்விளையாட்டு பெண்ணுக்குப் பொருந்தாது என்பதே சொல்லப்பட்ட காரணம். வெடிமருந்து நிரப்புவதற்குப் பொருந்திய பெண்ணுடல் பந்தை உதைப்பதற்குப் பொருந்தாது போயிற்றாம்! அத்தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றன.

தென்னாசியாவில் நாடுகள் தழுவிய மகளிர் கிண்ணம் 2010இல்தான் பிறந்தது. பங்களாதேஷின் கொக்ஸ் பஜாரில் எட்டு நாடுகள் கூடின. இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை 1-0 என வென்றது. தொடர்ந்து 2012இல் கொழும்பிலும், 2014இல் இஸ்லாமாபாத்திலும், 2016 டிசெம்பரில் தொடங்கிய சிலிகுரிப் போட்டியிலும், 2019இல் பிராட்நகரிலும் இந்தியாவே வென்றது. சிலிகுரி இறுதியாட்டத்தில் பங்களாதேஷுக்கு எதிராக இந்தியா பெற்ற மூன்று கோல்களுள் ஒன்றை அடித்தவர் கடலூரைச் சேர்ந்த தமிழ்ப்பெண் இந்துமதி கதிரேசன். நம் பெண்களுக்கு இது கைவராத கலை என்பாருக்கு அந்த ஒரு கோலே போதிய விடை.

ஆயின் இக்கிண்ணத்தின் வரலாற்றில் நாம் கற்கவேண்டிய பாடம் வங்கத்தில் இருக்கிறது. பங்களாதேஷ் 2011 முதல் ஆரம்பப் பாடசாலைச் சிறுமியருக்கென நாடு தழுவிய போட்டியை நடத்தி வந்தது. மைமன்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் என்னும் எல்லையோரச் சிற்றூரின் அரசுப் பாடசாலை அதில் மீண்டும் மீண்டும் வென்றது. விவசாயிகளின் பிள்ளைகளும், காரோ பழங்குடிப் பிள்ளைகளும் அங்கே ஆடினர். 2022இல் சபினா காதூன் தலைமையில் பங்களாதேஷ் அணி காத்மண்டுவில் நேபாளத்தை 3-1 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, அவ்வணியில் கல்சிந்தூர்ப் பிள்ளைகள் பலர் இருந்தனர். 2024இலும் அதே நகரில், அதே நேபாளத்தை, 2-1 என வென்றனர். செல்வம் செய்யாததைக் கிராமத்துப் பாடசாலை செய்து காட்டிற்று.

இலங்கையின் நிலை என்ன? 2024 வரை நடந்த ஏழு போட்டிகளில் ஒன்றிலேனும் இலங்கை இறுதியாட்டத்தை எட்டவில்லை. 2023இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தைச் சில மாதங்கள் இடைநிறுத்தியும் வைத்தது. மேலிடத்துப் பூசல்களின் விலையை ஆடுவோர் கொடுத்தனர்.

வடபுலத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பெற்ற வெற்றிகளே இதற்குச் சான்று. பெண்பிள்ளைக்கு வலைப்பந்தாட்டமே போதும் என்றிருந்த பழைய எண்ணத்தை அவர்கள் உடைத்தனர். அவர்களுக்குப் பாடசாலையும் மைதானமும் பயிற்றுநரும் இருந்தன. வன்னியிலோ 2009இல் பாடசாலைகள் கூரையிழந்து நின்றன. வயலும் வெளியும் கண்ணிவெடி புதைந்த நிலங்களாயின. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் அந்நிலத்தைச் சாண் சாணாகத் துழாவி வெடியகற்றியோருள் பெண்கள் பலர். அவர்களுள் கணவனை இழந்தோரும் உண்டு. உயிரைப் பணயம் வைத்து நிலத்தை மீட்கும் தாய்க்கு, அந்நிலத்தில் தன் மகள் ஓடி விளையாட வேண்டுமென்று கேட்கும் உரிமை இல்லையா?

2017இல் கேப்பாபிலவுப் பெண்கள் குழந்தைகளுடன் வீதியோரத்தில் இரவும் பகலும் அமர்ந்து தம் காணியைக் கேட்டனர். ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, அதுவும் போராடியதனால்தான்.

மைதானம் என்பதும் காணிதான். பிள்ளை பாடசாலை விட்டதும் தண்ணீர் சுமக்கவும், தம்பி தங்கையரைப் பார்க்கவும், தாய் கூலிக்குச் சென்ற வீட்டில் அடுப்பு மூட்டவும் ஓட வேண்டியிருக்கும்வரை, பந்தொன்றை வாங்கிக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துச் செல்வோரால் பயனில்லை. சமதரையான மைதானம், காலணி, மாலையில் பாதுகாப்பாக வீடு திரும்பப் பேருந்து, பெண் பயிற்றுநருக்கு ஒழுங்கான ஊதியம், வயிற்றுக்குச் சோறு ஆகியவையே தேவை. இவை பிச்சையல்ல, வரி கொடுக்கும் மக்களின் உரிமை. இவற்றைப் பாடசாலைதோறும் கேட்டுப் பெறுவது பெற்றோரதும் ஆசிரியரதும் மாதர் சங்கங்களதும் கடமையாகும். கல்சிந்தூரில் இயன்றது முல்லைத்தீவில் இயலாது என்பதற்கு எக்காரணமும் இல்லை.